மூன்றாவது கட்டம்

என் மகனுக்கு 13 வயது. ஆட்டிசத்தோடு அறிவுசார் குறைபாடும் உண்டு, பேச்சு வரவில்லை. இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு நாள் உள்ளங்கையால் தன் வலது காதோரம் அறைந்துகொள்ளத் தொடங்கினான். கையைப் பிடித்தால் தலையைச் சுவரில் மோதினான். ஒரு வாரத்தில் கன்னம் கன்றிப்போனது.

முதலில் பார்த்த மருத்துவர், "ஆட்டிசம் என்றால் இப்படித்தான்" என்று ரிஸ்பெரிடோன் என்ற மாத்திரையை எழுதிக் கொடுத்தார். மருந்தின் மேல் எனக்குக் குறை இல்லை. ஆட்டிசக் குழந்தைகளின் கடும் எரிச்சலுக்கு அமெரிக்காவில் 2006இலேயே அங்கீகாரம் பெற்றதுதான். அடி சற்றுக் குறைந்தது, பசி கட்டுக்கடங்காமல் கூடியது. ஆனால் காதை யாரும் பார்க்கவில்லை. பார்க்கச் சொல்லி நானும் கேட்கவில்லை.

"எப்போதும் வலது பக்கம்தானா?" என்று கேட்டவர் அவனுடைய சிறப்பு ஆசிரியை. காது மூக்கு தொண்டை மருத்துவர் விளக்கடித்துப் பார்த்தார்: செவிப்பறைக்குப் பின்னால் சீழ். காதுக்குத் தந்த மருந்து முடிந்ததும் பகல் நேர அடிகள் அநேகமாக நின்றுவிட்டன.

குளியல் நேரத்தில் மட்டும் நிற்கவில்லை. வலி போன பிறகும் ஏன்? ஆசிரியை ஒரு நோட்டில் மூன்று கட்டம் போடச் சொன்னார். அடிப்பதற்கு முன் என்ன நடந்தது, அவன் என்ன செய்தான், பிறகு நாங்கள் என்ன செய்தோம். முதல் இரண்டையும் நிரப்புவது எளிது. மூன்றாவதில் என் கையெழுத்தே கோணலாகும். இருபது நாள் கழித்துப் புரட்டினால் அந்தக் கட்டத்தில் ஒரே வரிதான்: "குளியலை விட்டுவிட்டேன்." காது வலித்தபோது அடித்தான், தண்ணீர் நின்றது. வலி போன பின்பும் அடித்தால் தண்ணீர் நிற்கும் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது. கற்றுக் கொடுத்தவள் நான்.

அதற்காகக் கட்டாயப்படுத்திக் குளிப்பாட்டச் சொல்லவில்லை அவர். அடி எதைச் சொல்கிறதோ அதையே சொல்ல அவனுக்கு வேறொரு வழி தர வேண்டும் என்றார். கார், டுராண்ட் என்ற இரு ஆய்வாளர்கள் 1985இல் செய்து காட்டிய முறை அது. எங்கள் வீட்டில் அது ஒரு மஞ்சள் அட்டை. அதில் விரித்த கை, கீழே "போதும்". அவன் அதைத் தொட்டால் உடனே நிறுத்த வேண்டும். முதல் நாள் ஒரு சொம்புத் தண்ணீரோடு வெளியே வந்தான். "இப்படி விட்டால் இனி குளிக்கவே மாட்டான்" என்றார் அத்தை. எனக்கும் அதே பயம்தான். ஆனாலும் அடுத்த வாரம் இரண்டு சொம்பு, பிறகு மூன்று. இடையில் அடித்தால் கையைப் பிடிக்காமல், மடித்த துண்டைக் காதுக்கும் கைக்கும் நடுவே வைத்தோம்.

ஒரு கல்யாணத்துக்குக் கிளம்பும் அவசரத்தில் அவன் அட்டையைத் தொட்டும் நான் நிறுத்தவில்லை. அன்று விழுந்த அடி அதுவரை விழாத அடி. அதன் பிறகு ஒரு வாரம் அந்த அட்டையை அவன் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. மறுபடி ஒரு சொம்பிலிருந்து தொடங்கினோம்.

இப்போது அரை வாளி வரை வந்திருக்கிறோம். மாத்திரையை மருத்துவர் படிப்படியாகக் குறைத்துவருகிறார். அட்டை குளியலறைக் கதவில் தொங்குகிறது. போன சனிக்கிழமை எண்ணெய் தேய்த்து, சீயக்காயைக் கையில் எடுத்ததுமே அதைக் கழற்றி நீட்டினான். நிறுத்திவிட்டேன். அன்று முழுவதும் எண்ணெய்த் தலையோடு வீடெல்லாம் திரிந்தான். தலையணை உறையை மூன்று முறை அலச வேண்டியிருந்தது.