நான் நிறுத்தாத நேரத்துக்கு நூறு பவுண்ட்

6 அக்டோபர் 2025, கோயம்புத்தூர்

கிரெடிட் கார்டில் 40 பவுண்ட் பிடித்திருப்பதாகக் காலையில் குறுஞ்செய்தி வந்தது. வங்கியும் தன் பங்குக்கு அந்நியச் செலாவணிக் கட்டணம் போட்டிருக்கிறது. லீட்ஸில் மகள் வீட்டில் இருந்தபோது நாங்கள் வாடகைக்கு எடுத்த காரின் நிறுவனம்தான் எடுத்திருக்கிறது. தனியார் வாகன நிறுத்துமிடம் ஒன்று எங்கள் மீது புகார் சொல்லியதாம். என் பெயரையும் முகவரியையும் கொடுத்துவிட்டார்களாம். முகவரி எழுதிக் கொடுத்ததற்குக் கூலி 40 பவுண்ட். நான் அந்தத் தொழிலுக்குப் போயிருக்கலாம்.

24 அக்டோபர்

நிறுத்துமிட நிறுவனத்தின் தபால் இன்றுதான் வந்தது. உறைக்குள் ஒரே ஒரு தாள். 100 பவுண்ட் கட்டவேண்டும். 14 நாட்களுக்குள் கட்டினால் 60. கடிதத்தின் தேதி அக்டோபர் 8. சலுகை முடிந்த பிறகு சலுகை அறிவிப்பு கைக்குக் கிடைத்திருக்கிறது.

இரண்டு சிறு படங்கள், இரண்டிலும் எங்கள் நம்பர் பிளேட். உள்ளே நுழைந்தது 9.48, வெளியேறியது 16.31. இரண்டு மணி நேரம் மட்டுமே இலவசம் என்கிற பல்பொருள் அங்காடி வளாகத்தில் ஆறே முக்கால் மணி நேரம் நின்றதாகக் கணக்கு. காலையில் அங்கே ரொட்டியும் பழமும் வாங்கிக்கொண்டு ரீவோ மடாலயத்துக்குப் போனோம். 1132இல் எழுப்பத் தொடங்கிய மடம், இன்று கூரையில்லாத தூண்கள். திரும்பும் வழியில் அதே கடையில் பால் வாங்கினோம். காலையில் நாங்கள் வெளியேறியதையும் மாலையில் மறுபடி நுழைந்ததையும் கேமரா தவறவிட்டிருக்கிறது. முன்னால் ஒரு வேன் ஒட்டிப் போனால் போதும், பிளேட் மறைந்துவிடும். இரண்டு வருகையை ஒன்றாகக் கோத்துவிடுவது இந்தக் கேமராக்களின் பழைய வியாதி என்று மகள் சொன்னாள்.

25 அக்டோபர்

மாப்பிள்ளை தொலைபேசியில், "குப்பையில் போடுங்கள் அத்தை, இந்தியாவுக்கு வந்தா வழக்குப் போடப்போகிறார்கள்?" என்றார். இவரோ, "12,000 ரூபாய் போனால் போகட்டும், நிம்மதியாக இரு" என்கிறார். இரண்டு ஆலோசனையும் எனக்குப் பிடிக்கவில்லை. இது அரசு போடும் அபராதம் அல்ல. நிறுத்துமிட ஒப்பந்தத்தை மீறியதாகத் தனியார் கேட்கும் பணம். ஆனால் 2015இல் பீவிஸ் என்பவரின் வழக்கில், தனியார் நிறுத்துமிடம் கேட்ட 85 பவுண்ட் கட்டணம் செல்லும் என்று பிரிட்டனின் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆகவே பேசாமல் இருப்பதில் பயனில்லை. பேசவேண்டும், அதுவும் காகிதத்தில்.

26 அக்டோபர்

தனியார் நிறுத்துமிடக் கட்டணத்தை யாரிடம் கேட்கலாம் என்று சொல்லும் பிரிட்டனின் 2012ஆம் ஆண்டுச் சட்டத்தின் நான்காம் அட்டவணையை மகள் அனுப்பினாள். வங்கியில் தணிக்கை பார்த்த கண்ணுக்கு விருந்து. வாடகைக் காராக இருந்தால், வாடகைக்கு எடுத்தவரிடம் பணம் கேட்கும் கடிதத்தோடு நான்கு நகல்கள் வரவேண்டும்: கார் வாடகைக்குப் போயிருந்தது என்ற நிறுவனத்தின் உறுதிமொழி, வாடகை ஒப்பந்தம், பொறுப்பேற்று வாடகைக்காரர் கையெழுத்திட்ட தாள், கார் நிறுவனத்துக்கு முதலில் அனுப்பிய அறிவிப்பு. எனக்கு வந்தது ஒற்றைத் தாள். அவை இல்லாவிட்டால் வாடகைக்காரர் என்ற முறையில் என்னைப் பொறுப்பாக்க முடியாது. காரை ஓட்டியது யார் என்று சொல்லும் கடமையும் எனக்கில்லை. ஒப்பந்தத்தில் எங்கள் இருவர் பெயரும் இருக்கிறது. நிறுத்துமிட நிறுவனத்துக்கு எழுதிய ஆட்சேபத்தில் 'ஓட்டியவர்' என்று மட்டும் குறிப்பிட்டேன். இவருக்கு அதில் ஏக மகிழ்ச்சி.

இரண்டு கடை ரசீதுகளையும் (9.57, 16.22) மடாலயத் தூண்களுக்கு அடியில் நண்பகலில் எடுத்த படத்தையும் இணைத்தேன். அந்த நாள் முழுவதற்குமான கேமராப் பதிவையும் கேட்டிருக்கிறேன்.

17 நவம்பர்

நிறுத்துமிட நிறுவனத்திடமிருந்து மறுப்பு. ரசீதுகளைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை. எல்லோருக்கும் அனுப்பும் அச்சடித்த பதில் போலிருக்கிறது. கீழே ஒரு நல்ல காரியம்: பாப்லாவுக்குப் போவதற்கான எண். நிறுத்துமிட நிறுவனங்களின் சங்கம் ஒன்றில் உறுப்பினராக இருப்பவர்கள் மீதான மேல்முறையீட்டை விசாரிக்கும் அமைப்பு அது. நமக்குச் செலவில்லை. முடிவு அவர்களைக் கட்டுப்படுத்தும், நம்மைக் கட்டுப்படுத்தாது. எண் 28 நாட்கள்தான் செல்லும்.

20 நவம்பர்

அனுப்பிவிட்டேன். நகல்கள் இணைக்கப்படாததை முதலில் வைத்தேன், ரசீதுகளை அடுத்து. கோபத்தை எழுதவில்லை, எழுதிய வரைவு தனியாக இருக்கிறது.

11 டிசம்பர்

நிறுவனம் எதிர்வாதம் செய்யாமல் விலகிக்கொண்டது. 100 பவுண்ட் ரத்து. காரணம் சொல்லவில்லை, மன்னிப்பும் இல்லை.

12 டிசம்பர்

புகாரே நிற்கவில்லையே, 40 பவுண்டைத் திருப்பித் தாருங்கள் என்று கார் நிறுவனத்துக்கு எழுதினேன். அது தாங்கள் செய்த வேலைக்கான கூலி, புகாரின் முடிவுக்கும் அதற்கும் தொடர்பில்லை என்று மாலைக்குள் பதில். ஒப்பந்தத்தில் அப்படித்தான் இருக்கிறது, பொடி எழுத்தில். வாடகைக் கார் நிறுவனங்களின் சங்கம் சமரசம் பேசுமாம்; அதற்கு முன் நிறுவனத்திடம் முறையாகப் புகார் தந்திருக்கவேண்டும். "இதுவுமா?" என்றார் இவர். புகாரின் முதல் பத்தி முடிந்தது.