அம்பியர்மானி முள் மறுபக்கம் போன பின்னேரம்

நம் பழைய மாணவர் சங்க மலருக்கு ஏதாவது எழுதித் தாருங்கள் என்று செயலாளர் கேட்டார். விளையாட்டுப் போட்டிகளைப் பற்றியும் விடுதி வாழ்க்கையைப் பற்றியும் என்னைவிட நன்றாக எழுதக்கூடியவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். எனக்கு எழுதத் தெரிந்தது ஒரு பழைய கார் டைனமோவைப் பற்றி. லண்டனில் முப்பது வருடத்துக்கு மேல் மின்சார ரயில்களைப் பழுது பார்த்துச் சாப்பிட்டவன் நான். அந்தத் தொழிலின் அடிப்படை முழுவதையும் 1972இல், உயர்தர வகுப்பில் படித்தபோது, ஒரே பின்னேரத்தில் நம் கல்லூரி ஆய்வுகூடத்தின் பின்விறாந்தையில் கற்றுக்கொண்டேன்.

அன்று சனிக்கிழமை. பௌதிகவியல் சேர் விருப்பமானவர்கள் வரலாம் என்று சொல்லியிருந்தார். ஏழெட்டுப் பேர் போனோம். ஒஸ்டின் ஏ40 காரிலிருந்து கழற்றிய டைனமோ ஒன்றை வாங்கில் இறுக்கி வைத்திருந்தார். பக்கத்தில் 12 வோல்ற்று பற்றரி. அதே காரின் டாஷ்போர்டில் இருந்த அம்பியர்மானி. அதற்கு நடுவில் பூச்சியம். பற்றரியிலிருந்து கரண்ட் போனால் முள் இடப்பக்கம் சாயும், பற்றரிக்கு வந்தால் வலப்பக்கம். அப்புறம் ஹீற்றர் சுருளில் வெட்டியெடுத்த ஒரு சிறு துண்டு.

சேர் டைனமோவின் கப்பியைச் சாக்குத் துண்டால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு சுவிச்சைப் போடச் சொன்னார். முள் இடப்பக்கம் பாய்ந்தது, ஹீற்றர் துண்டு சிவந்தது. சாக்கை விட்டார். டைனமோ மோட்டாராகிச் சுழலத் தொடங்கியது. வேகம் ஏற ஏற முள் பூச்சியத்தை நோக்கி இறங்கியது, ஹீற்றர் துண்டும் கறுத்தது.

"பிடிச்சால் கூடுது, விட்டால் குறையுது. ஓடுறதுக்குத்தானே கனக்கக் கரண்ட் வேணும்? ஏன் தம்பிமார் இப்பிடி?"

ஒருவருக்கும் பதில் வரவில்லை. அவர் அவசரப்படவும் இல்லை. கொஞ்ச நேரம் கழித்துத்தான் சொன்னார்: காந்தப்புலத்துக்குள் சுழலுகிற சுருளுக்குத் தன்னை நாங்கள் மோட்டார் என்கிறோமா டைனமோ என்கிறோமா என்று தெரியாது. சுழன்றால் அது மின் அழுத்தத்தைப் பிறப்பிக்கும். அந்த அழுத்தம் பற்றரிக்கு எதிராக நிற்கும். பாடப்புத்தகத்தில் பின் மின்னியக்க விசை என்று நாங்கள் பாடமாக்கி வைத்திருந்த சொல் அதுதான். நிற்கிற மோட்டாரில் எதிர்ப்பவர் யாருமில்லை, அதனால் கரண்ட் அள்ளிக்கொண்டு போகும். ஓடத் தொடங்கியதும் மோட்டாரே தன் பசியை அடக்கிக்கொள்ளும். தொடக்கத்தில் மட்டும் மோட்டாரின் சுருளை எரியாமல் காக்க ஹீற்றர் துண்டு வேண்டும். வேகம் வந்ததும் அதை எடுத்துவிடலாம். அப்படியே எடுத்தும் காட்டினார்; கப்பி இன்னும் வேகமாகச் சுழன்றது.

பிறகு ஒரு சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, ரயரைக் கழற்றிய பின்சில்லுக்கும் கப்பிக்கும் ஒரு பட்டியைப் போட்டார். என் நண்பன் ஒருவன் கையால் பெடலைச் சுழற்றினான். மோட்டார் தானாக ஓடிய வேகத்தைவிட அவன் வேகம் கூடியபோது முள் பூச்சியத்தைத் தாண்டி வலப்பக்கம் போனது. பற்றரி இப்போது சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தது. அதே நொடியில் அவன், "சேர், பாரமாக் கிடக்கு!" என்று கத்தினான். சேரின் முகம் மலர்ந்ததை இன்றைக்கும் காண்கிறேன். "அந்தப் பாரம்தான் பிரேக்" என்றார்.

அதோடு அனுப்பிவிடவில்லை. யாழ்ப்பாணம் ஸ்டேஷனுக்குக் கூட்டிக்கொண்டு போனார், இரவு மெயிலைப் பார்க்க. கொழும்புத் திட்டம் என்ற நாடுகளுக்கிடையிலான உதவித் திட்டத்தின் கீழ் கனடா தந்த எம்2 எஞ்சின்கள் 1954 முதல் எங்கள் தண்டவாளங்களில் ஓடியதும், அவற்றில் ஒன்டாரியோ, அல்பேட்டா என்று கனடிய மாகாணங்களின் பெயர் எழுதியிருந்ததும் மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். நாங்கள் அவற்றை டீசல் கோச்சி என்போம். சேர் அதைத் திருத்தினார். நிற்கிற டீசல் எஞ்சினுக்கு இழுவை கிடையாது. அது முதலில் சுழல வேண்டும். அதை நேரே சில்லோடு பூட்டி, நிற்கிற அத்தனை பெட்டிகளையும் இழுக்கச் சொன்னால் கிளச் கருகிவிடும். ஆகவே டீசல் ஒரு மின்பிறப்பாக்கியை மட்டும் சுழற்றுகிறது. அச்சுகளில் பூட்டிய நான்கு மோட்டார்களே கோச்சியை இழுக்கின்றன. "இதுவும் மின்சாரக் கோச்சிதான். பவர் ஸ்டேஷனை முதுகில சுமந்துகொண்டு திரியுது, அவ்வளவுதான்." அப்படியானால் பவர் ஸ்டேஷனை ஊரில் வைத்துவிட்டுக் கம்பியில் மின்சாரம் அனுப்பினால் என்ன என்று ஒருவன் கேட்டான். அப்படிச் செய்கிற நாடுகள் இருக்கின்றன, போய்ப் பாருங்கள் என்றார். மதராஸ் கடற்கரையிலிருந்து தாம்பரத்துக்கு 1931இலேயே மின்சார ரயில் ஓடியதை அன்றுதான் முதன்முதலில் கேள்விப்பட்டேன்.

நான் போய்ப் பார்த்தேன். 1979இல் தென் லண்டன் டிப்போ ஒன்றில் வேலை கிடைத்தது. முதல் குளிர்கால விடியலில் பிளாட்போர்மில் நின்றபோது, வருகிற வண்டிக்குக் கீழே நீல நிறத்தில் மின்னல் வெட்டிக்கொண்டே வந்தது. பயந்துபோனேன். ஓடும் தண்டவாளங்களுக்குப் பக்கத்தில் மின்சாரம் கொண்டுவரும் மூன்றாம் தண்டவாளத்தில் உறைபனி படிந்திருந்தால், அதைத் தொட்டு மின்சாரம் எடுக்கும் வண்டியின் ஷூ அதன்மேல் சரியாகப் பதியாமல் துள்ளும். அந்த இடைவெளியில் 750 வோல்ற்று பொறி கக்கும். மின்சாரம் பக்கத்துத் தண்டவாளத்தால் வந்து, மோட்டாருக்குள் புகுந்து, சில்லு வழியாக ஓடும் தண்டவாளத்தில் இறங்கித் திரும்பிப் போகிறது. சுற்று எங்கே பூர்த்தியாகிறது என்பதுதான் புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் கேட்கிற முதல் கேள்வி. நிலக்கீழ் ரயிலில் பயணிக்கும் நம்மவர்கள் அடுத்த முறை கீழே எட்டிப் பாருங்கள், நான்கு தண்டவாளம் இருக்கும். ஒன்றில் +420, நடுவில் உள்ளதில் −210 வோல்ற்று என்பது நெடுங்கால ஏற்பாடு. திரும்பிப் போகிற கரண்ட் சுரங்கத்தின் வார்ப்பிரும்பு வளையங்களிலும் குழாய்களிலும் கசிந்து அவற்றை அரிக்காமல் இருக்கத்தான் அதற்கென்று தனித் தண்டவாளம்.

டிப்போவில் எனக்குத் தந்த முதல் வேலை, மோட்டார் பெட்டியின் அடியில் வரிசையாகத் தொங்கும், கரண்டைக் கட்டுப்படுத்தும் இரும்புத் தடைகளைச் சோதிப்பது. வண்டி புறப்படும்போது சூடேறி மணக்கும் அந்தத் தட்டுகளைக் கண்டதும் எனக்குள் ஏதோ செய்தது. சேரின் ஹீற்றர் துண்டு! மோட்டாரின் உள்தடை பத்தில் ஒரு ஓம் என்று வைத்துக்கொள்ளுங்கள்: நிற்கிற மோட்டாரில் 750 வோல்ற்றை அப்படியே கொடுத்தால் 7,500 அம்பியர் பாயும். அதனால் முதலில் மோட்டார்களைத் தொடராக, ஒன்றன்பின் ஒன்றாகப் பூட்டி அழுத்தத்தைப் பங்கிட்டு, தடைகளைப் படிப்படியாகக் கழித்து, பிறகு சமாந்தரமாக, பக்கம்பக்கமாக மாற்றி, திரும்பவும் தடைகளைக் கழிப்பார்கள். பயணிகள் அப்போது உணர்ந்த அந்தச் சிறு சிறு உந்தல்கள் இதனால்தான்.

அந்தக் கால வண்டிகளின் மோட்டாரில் காந்தச் சுருளும் சுழலும் சுருளும் தொடராகவே இருக்கும். அது ஒரு அழகான ஏற்பாடு என்று நான் இன்றும் நினைக்கிறேன். ஏற்றம் வந்தால் வண்டி மெதுவாகும், எதிர் அழுத்தம் குறையும், கரண்ட் கூடும், காந்தமும் சேர்ந்து பலப்படும், இழுவை தானாக உயரும். ஓட்டுநர் எதையும் தொட வேண்டாம். ஆபத்தும் இதில்தான் இருக்கிறது. பாரம் விட்டுப்போனால் இந்த மோட்டார் எல்லையில்லாமல் வேகமெடுக்கும். இலையுதிர் காலத்தில் நசுங்கிய இலைகள் தண்டவாளத்தில் வழுக்கும் படலமாகிவிட, சில்லு பிடியிழந்து சுழன்று, மோட்டார் கெட்டு வந்த வண்டிகளை நிறையப் பார்த்திருக்கிறேன். எவ்வளவு பெரிய மோட்டார் இருந்தாலும், இரும்பில் இரும்பு பிடிக்கிற ஒரு சின்ன நாணயமளவு இடத்துக்கு மேலாக இழுக்க முடியாது.

750 வோல்ற்றின் குறையையும் சொல்ல வேண்டும். 3,000 கிலோவாற்று வேண்டுமானால் இதில் 4,000 அம்பியர் ஓட வேண்டும். மேலே கம்பி கட்டி 25,000 வோல்ற்றில் கொடுத்தால் 120 அம்பியர் போதும். வெப்பமாக வீணாவது கரண்டின் வர்க்கத்தோடு போவதால், ஒரே தடையுள்ள கம்பியில் நட்டம் ஆயிரத்தில் ஒரு பங்குக்குக் கீழே இறங்கிவிடும். தென் இங்கிலாந்தில் சில கிலோமீற்றருக்கு ஒன்றாகத் தண்டவாளத்துக்கு மின்சாரம் ஊட்டும் துணை நிலையம் வேண்டியிருப்பது இதனால்தான். லண்டன்–பிரைட்டன் பாதையை 1933இல் மூன்றாம் தண்டவாளம் போட்டு மின்சாரமாக்கினார்கள். அவ்வளவு தூரம் போட்ட பிறகு மாற்றுவது சின்னக் காரியமில்லை. மேலே கம்பியில் வரும் ஆடலோட்டத்தின் (ஏசி) அழுத்தத்தை மின்மாற்றியால் இறக்கி எஞ்சினுக்குள்ளேயே நேரோட்டமாக (டிசி) மாற்றிக்கொள்ளலாம் என்பதை 1950களில் பிரான்சில் நிரூபித்தார்கள். பிரித்தானியா 1956இல் 25 கிலோவோல்ற்றைத் தேர்ந்தெடுத்தது. வடக்கே போகும் பாதைகள் அந்த வழியில் போயின.

தொண்ணூறுகளில் ஆடலோட்டத்தில் ஓடும் மூன்று அவத்தை மோட்டார்கள் வந்தன. சுழலும் சுருளுக்குக் கரண்ட் கொடுக்கிற கரித்தூரிகையும் இல்லை, தடைத் தட்டுகளும் இல்லை. மின்னணுச் சுவிச்சுகளே அதிர்வெண்ணைக் கூட்டிக் குறைத்து வேகத்தை ஆளுகின்றன. பிரேக் போடும்போது மின்சாரத்தைத் தண்டவாளத்துக்கே திருப்பிக் கொடுக்கிற வண்டிகளும் வந்தன. பக்கத்தில் புறப்படுகிற இன்னொரு வண்டி அதை எடுத்துக்கொள்ளும். அப்படியான ஒரு வண்டியின் சோதனை ஓட்டத்தில் மடிக்கணினியோடு உட்கார்ந்திருந்தேன். ஓட்டுநர் பிரேக் பிடித்தார். திரையில் கரண்ட் கோடு இறங்கி, பூச்சியத்தை வெட்டி, கீழே போனது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. பக்கத்திலிருந்த இளம் பொறியியலாளர் சுகமில்லையா என்று கேட்டார். என்னவென்று சொல்வது!

அன்றிரவு ரொறன்ரோவுக்கு, சைக்கிள் பெடலைச் சுழற்றிய நண்பனுக்கு அழைத்துச் சொன்னேன். சேர் அப்போது உயிரோடில்லை. இந்தச் செய்தி போய்ச் சேர வேண்டியது அவருக்குத்தான். ஒரு கடிதமாவது முன்பே எழுதியிருக்கலாம் என்ற கவலை எனக்கு இன்னும் இருக்கிறது.

1990இல் நின்ற கோச்சி 2014 ஒக்டோபரில் மீண்டும் யாழ்ப்பாணம் வந்தது. அடுத்த வருடம் அதில் ஏறிப் போனேன். கல்லூரியில் ஆய்வுகூடம் புதிதாக இருந்தது. டைனமோவைப் பற்றி யாருக்கும் தெரியவில்லை. சரி, கேட்டுக்கொண்டிருப்பதில் பயனில்லை என்று இங்கே பழைய கார்ச் சாமான் சந்தைகளில் தேடினேன். இப்போது ஒரு லூக்காஸ் டைனமோவும் நடுவில் பூச்சியமுள்ள அம்பியர்மானி ஒன்றும் என்னிடம் இருக்கின்றன. இரண்டும் வேலை செய்கின்றன. வருகிற ஓகஸ்டில் ஊருக்குப் போகிற எவராவது பெட்டியில் எட்டுக் கிலோ இடம் தருவீர்களானால் சங்கத்தினூடாக அறிவியுங்கள். பற்றரியும் சைக்கிளும் அங்கேயே எடுக்கலாம்.