அடிச்சட்டத்தை விடாமல் பிடிக்கும் போல்ட்

2011 டிசம்பர் 30 அதிகாலையில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தபோது, தேவனாம்பட்டினத்தில் எங்கள் தோட்டத்தில் நின்ற மரக்கொட்டகை உடையவில்லை; கால்களோடு அப்படியே கிளம்பி, மதிலைத் தாண்டிப் பக்கத்துத் தென்னந்தோப்பில் கிடந்தது. விடிந்ததும் போய்ப் பார்த்தேன். அதன் கால்களைத் தாங்கிய ஆறு கருங்கற்களும் இருந்த இடத்திலேயே இருந்தன. ஒவ்வொன்றின் நடுவிலும் விரல் நீள இரும்பு முளை சிறிதும் வளையாமல் நிமிர்ந்து நின்றது. தூணின் அடியில் துளையிட்டு முளையில் செருகி நிறுத்தினால் தூண் பக்கவாட்டில் நகராது, மரமும் மண்ணின் ஈரத்திலிருந்து தப்பும். ஆனால் மேல்நோக்கி இழுக்கும் விசைக்கு முளை எந்தத் தடையும் இல்லை.

பின்னாளில் அதே இடத்தில் 12 அடிக்கு 16 அடி அளவில் மரச்சட்ட அறை எழுப்பத் தொடங்கியபோது, "இவ்வளவு கனமான சட்டம் எங்கே சார் பறக்கப் போகிறது?" என்று ஆசாரி கேட்டார். நியாயமான கேள்விதான் என்பதால் உட்கார்ந்து கணக்குப் போட்டோம். காற்றுச்சுமைக்கான இந்தியத் தர விதி புதுச்சேரிக்கு நொடிக்கு 50 மீட்டர் வேகத்தை அடிப்படையாகக் கொள்கிறது. அந்த வேகத்தில் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 150 கிலோ அழுத்தம் உண்டாகும். கூரைமேல் பாயும் காற்று உறிஞ்சி இழுக்க, திறந்த சன்னல் வழியே புகுந்த காற்று உள்ளிருந்து தள்ள, 18 சதுர மீட்டர் கூரையைத் தூக்கும் விசை 2,700 கிலோவை நெருங்கலாம். எங்கள் தகரக் கூரையும் சட்டமும் சேர்ந்து அதில் பாதி எடைகூட இல்லை. அதன்பின் ஆசாரியே எனக்கு முன்னால் போல்ட் வாங்கக் கிளம்பினார்.

16 மில்லிமீட்டர் கனமுள்ள, அடி வளைந்த, துத்தநாகம் பூசிய போல்ட்டுகளை, அடித்தளத்தின் மேல் சுற்றிலும் ஓடும் பெல்ட் கான்கிரீட் போடுவதற்கு முன்பே நான்கு அடிக்கு ஒன்றாக, ஒவ்வொரு சட்டத்தின் முனையிலிருந்தும் ஓர் அடிக்குள் ஒன்று வரும்படி நிறுத்தினோம். ஏழு அங்குலத்துக்குக் குறையாமல் கான்கிரீட்டுக்குள் இறங்கிய அவற்றின் வளைவுகள் கம்பிக்கூட்டுக்கு அடியில் கோத்திருந்தன. துளையிட்ட பலகையில் மாட்டி நிறுத்தியதால் சாயவில்லை. மரையில் சிமெண்ட் பால் ஒட்டாதிருக்கப் பாலித்தீன் சுற்றினோம். தூண்கள் நிற்கும் கிடைமரமான அடிச்சட்டத்துக்குக் கீழே ஈரம் தடுக்கும் தார்த்தாள், மேலே மூன்று அங்குலச் சதுரத் தகட்டு வாஷர். சிறிய வட்ட வாஷர் போட்டால், இழுப்பு வரும்போது அது மரத்துக்குள் அமிழ்ந்து மரத்தைப் பிளந்துவிடும்.

அடிச்சட்டம் மட்டும் பிடிபட்டுத் தூண் அதிலிருந்து கழன்றால் பயனில்லை. மரத்தின் வெட்டுமுனையில் நார் போகும் திசையிலேயே அடித்த ஆணி எளிதில் உருவிக்கொள்ளும். அதனால் அடிச்சட்டத்திலிருந்து தூணுக்கும், தூணிலிருந்து மேற்சட்டத்துக்கும், அங்கிருந்து கைமரத்துக்கும் இரும்புப் பட்டைகளைத் தொடர்ச்சியாக அடித்தோம். ஏற்கெனவே கட்டி முடித்தவர்கள் கான்கிரீட்டைத் துளையிட்டு, தூசியை முழுவதும் ஊதி வெளியேற்றி, ரசாயனப் பசையில் போல்ட்டைப் பதிக்கலாம். துளைக்குள் விரிந்து இறுகும் வகைப் போல்ட் விளிம்புக்கு அருகே கான்கிரீட்டையே உடைத்துவிடும் என்பதால் அங்கே அதைத் தவிர்ப்பது நல்லது.

நான்கு மாதம் கழித்து ஸ்பானரை வைத்தபோது, மரம் காய்ந்து சுருங்கியிருந்ததால் தெற்குச் சுவரின் நட்டுகள் ஏறக்குறைய ஒரு முழுச் சுற்று உள்ளே போயின. ஐப்பசி பிறப்பதற்கு முன் ஒவ்வோர் ஆண்டும் அவற்றை முறுக்கிப் பார்த்து, உப்புக்காற்றில் துரு கண்ட வாஷர்களை மாற்றிவிடுகிறேன்.