பெட்டி ஒன்றுதான், யார் கையில் வாங்குவது?

நமக்கு வேண்டிய பாகங்களைச் சொல்லி ஆர்டர் கொடுத்து வாங்கும் கேமிங் லேப்டாப்புகளில் முதலில் விளங்கிக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. அதை விற்பவர் அதைச் செய்தவர் அல்ல. தைவானின் கிளெவோ, சீனாவின் டோங்ஃபாங் போன்ற சில நிறுவனங்களே உடலைத் தயாரிக்கின்றன. உறை, திரை, ஃபேன்கள், மதர்போர்டு, அதில் பற்றவைத்த பிராசசரும் கிராபிக்ஸ் சிப்பும் எல்லாம் அங்கேயே முடிந்துவிடும். ரேம், எஸ்எஸ்டி, வைஃபை கார்டு, விண்டோஸ் இவற்றைப் போட்டு, தன் பெயரை மூடியில் பொறித்து நமக்கு அனுப்புகிறவர்தான் விற்பனையாளர்.

ஒரு பழைய உதாரணம் சொல்கிறேன். 2019-ல் இன்டெல் ஒரு மாதிரி வடிவத்தை உருவாக்கி டோங்ஃபாங்கிடம் கொடுத்தது. மெக்னீசியக் கலவை உறை, 93 வாட்-மணி பேட்டரி, எடை 2 கிலோவுக்குக் கீழே. அது ஜெர்மனியில் எக்ஸ்எம்ஜி ஃப்யூஷன் 15 ஆனது. அமெரிக்காவில் எலுக்ட்ரானிக்ஸ் மேக்-15 என்றும் மெயின்கியர் எலிமென்ட் என்றும் இரண்டு பெயர்கள். பிறகு அடாட்டாவும் எக்ஸ்பிஜி ஜீனியா 15 என்று அதையே விற்றது. ஈரோட்டில் ஒரே தறியில் ஓடிய துணி நான்கு கடையில் நான்கு பெயரில் விற்பதைப் பார்த்து வளர்ந்தவனுக்கு இதில் அதிர்ச்சி ஒன்றும் இல்லை. ஆனால் இணையத்தில் இந்தப் பெயர்களை வைத்துக்கொண்டு எது உறுதியானது என்று மணிக்கணக்காகச் சண்டை போடுகிறவர்களைப் பார்த்தால் பாவமாக இருக்கிறது.

நான் ஜெர்மனியில், நூரம்பெர்க்கில் ஒரு வாகன உதிரிபாக நிறுவனத்தின் கொள்முதல் பிரிவில் இருக்கிறேன். யாரிடம் வாங்குவது என்று முடிவெடுப்பதற்குத்தான் சம்பளம் தருகிறார்கள். வார நாட்களில் பாதி சப்ளையர்களின் ஊர்களில், ரயில் நிலையத்துக்குப் பக்கத்து விடுதி அறைகளில் கழியும். இரவு எட்டு மணிக்கு மேல் அந்த ஊர்களில் செய்வதற்கு ஒன்றும் இருக்காது. ஆகவே விளையாட்டு. ஆகவே லேப்டாப். ஈரோட்டில் இருக்கும் அக்கா மகன் தொலைபேசியில், "மாமா, அந்தக் காசுக்கு டெஸ்க்டாப் வாங்கினால் இதைவிட இரண்டு மடங்கு ஓடுமே" என்றான். அவன் சொல்வது சரிதான். டெஸ்க்டாப்பில் ஆர்டிஎக்ஸ் 5090 என்பது 575 வாட் வரை இழுக்கும் கிராபிக்ஸ் கார்டு. லேப்டாப்பில் அதே பெயரில் வருவது ஒரு படி கீழே இருக்கும் டெஸ்க்டாப் 5080-ன் சிப். அதிகபட்சம் 175 வாட்தான். "டேய், 575 வாட்டை ரயிலில் தூக்கிக்கொண்டு போக முடியாதுடா" என்று சொல்லிவிட்டேன்.

லெனோவோ, ஆசுஸ் போன்ற பெரிய நிறுவனங்களை ஏன் விட்டேன் என்றால், எனக்கு ஜெர்மன் கீபோர்டு வேண்டாம், முன்கூட்டியே திணித்த மென்பொருள் வேண்டாம், நான் கேட்கும் கேள்விக்கு அட்டவணை பார்த்துப் படிக்காத ஒருவர் பதில் சொல்ல வேண்டும். அவ்வளவுதான். அவர்களுடைய லேப்டாப் மோசம் என்று சொல்ல மாட்டேன்.

இந்தப் பக்கத்தில் கடைகள் குறைவில்லை. லைப்சிக்கில் ஷெங்கரின் எக்ஸ்எம்ஜி. லினக்ஸ்காரர்களுக்கு ஆக்ஸ்பூர்க்கில் டக்ஸீடோ. இங்கிலாந்தின் வேக்ஃபீல்டில் பிசி ஸ்பெஷலிஸ்ட். அட்லாண்டிக் கடல் தாண்டினால் கனடாவின் யூரோகாம், கலிஃபோர்னியாவின் சேகர். கடல் தாண்டியவர்களை முதலிலேயே பட்டியலிலிருந்து அடித்துவிட்டேன். லேப்டாப்புக்குச் சுங்க வரி கிடையாது என்றாலும் இறக்குமதியில் 19 சதவீத விற்பனை வரி ஜெர்மனியில் கட்டியாக வேண்டும். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பழுதானால் இரண்டாவது முறையும் கடல் தாண்டி அனுப்ப வேண்டுமே, அதற்கு யார் பொறுப்பு?

மிச்சம் இருந்தவர்களுக்கு ஒரே மின்னஞ்சலை அனுப்பினேன். சப்ளையர்களிடம் நான் எப்போதும் செய்வதுதான். விலைப்பட்டியலில் பதில் இல்லாத கேள்விகளைக் கேட்டால், யார் பொருளைத் திறந்து பார்த்திருக்கிறார்கள், யார் பெட்டி மாற்றி அனுப்புகிறார்கள் என்பது இரண்டு நாளில் தெரிந்துவிடும்.

முதல் கேள்வி வாட் பற்றியது. ஆர்டிஎக்ஸ் 5080 லேப்டாப் சிப்பை 80 வாட்டிலிருந்து 150 வாட் வரை எந்த அளவிலும் ஒரு தயாரிப்பாளர் அமைக்கலாம். அதற்கு மேல் பிராசசரின் பங்கிலிருந்து 25 வாட் கூட்டிக்கொள்ளலாம். பெட்டியின் மேல் பெயர் மாறாது. 80 வாட்டில் ஓடும் 5080, தாராளமாக மின்சாரம் கிடைக்கும், ஒரு படி கீழான 5070 டிஐ-யிடமே திணறலாம். ஆகவே "5080 உண்டா" என்று கேட்பதில் பயன் இல்லை. பிராசசரும் கிராபிக்ஸும் சேர்ந்து ஓடும்போது, அரை மணி நேரம் கழித்து, ஒவ்வொன்றுக்கும் எத்தனை வாட் கிடைக்கிறது என்று கேட்டேன். ஒரு கடை, "மிகச் சிறந்த செயல்திறன்" என்று எழுதியது. இன்னொன்று நிறுவனத்தின் விளம்பர அட்டையை இணைத்து அனுப்பியது. ஒரே ஒரு கடைக்காரர் மட்டும் தங்கள் பணிமனையில் எடுத்த அளவீட்டை அனுப்பி, மேசையில் தட்டையாக வைத்தால் இவ்வளவு, பின்புறத்தை இரண்டு சென்டிமீட்டர் உயர்த்தினால் இவ்வளவு என்று குறித்திருந்தார். அறையின் வெப்பநிலையைக்கூட எழுதியிருந்தார். அதை எழுதுகிறவர் அளந்து பார்த்தவர்தான்.

இரண்டாவது, சிப்புக்கும் செம்புத் தகட்டுக்கும் இடையில் என்ன பூசுகிறீர்கள் என்பது. இது பலருக்கு அற்பமாகத் தோன்றும். எனக்கு இதில்தான் ஒரு விற்பனையாளரின் கைப்பக்குவம் தெரியும். சாதாரண பேஸ்ட் தினமும் சூடாகிக் குளிர்ந்து, குளிர்ந்து சூடாகி, கொஞ்சம் கொஞ்சமாக ஓரத்துக்கு வழிந்து நடுவே காய்ந்துவிடும். சில மாதங்களில் ஃபேன் சத்தம் ஏறும். திரவ உலோகம் வெப்பத்தை அபாரமாகக் கடத்தும். ஆனால் அது காலியம் கலந்தது, அலுமினியத்தை அரிக்கும், மின்சாரத்தையும் கடத்தும், ஒரு சொட்டு வெளியே வந்தால் போர்டு போச்சு. வாரத்துக்கு இரண்டு முறை முதுகுப் பையில் ரயிலேறும் லேப்டாப்பில் அதை வைக்க எனக்குத் துணிச்சல் இல்லை. மூன்றாவது வழி ஹனிவெல் பிடிஎம்7950 என்ற மெல்லிய ஏடு. அறை வெப்பத்தில் திடமாக இருக்கும், 45 டிகிரியை ஒட்டி இளகி, இடுக்குகளை நிரப்பிக்கொள்ளும், வழிந்தோடாது. வாட் அளந்து அனுப்பிய அதே மனிதர், "நீங்கள் நிறையப் பயணம் செய்வதாக எழுதியிருக்கிறீர்கள், ஆகவே திரவ உலோகத்தைத் தேர்வு செய்யாதீர்கள், கட்டணம் கூடுதல், உங்களுக்கு லாபம் குறைவு" என்று எழுதினார். பணம் தருகிறேன் என்பவனிடம் வேண்டாம் என்கிறவர் என் தொழிலில் அபூர்வம்.

அவர் அதோடு நிற்கவில்லை. நான் 5090-ம் 96 ஜிபி ரேமும் கேட்டிருந்தேன். 5090-ல் 24 ஜிபி நினைவகம், 5080-ல் 16. கோர்கள் 10,496-க்கு எதிராக 7,680. காகிதத்தில் பெரிய இடைவெளி. ஆனால் இரண்டுக்கும் கூரை அதே 175 வாட். முப்பரிமாண ரெண்டரிங் செய்கிறீர்களா, செயற்கை நுண்ணறிவின் பெரிய மொழி மாதிரிகளை ஓட்டுகிறீர்களா என்று கேட்டார். இல்லை என்றேன். 2560×1600 திரையில் விளையாடுவதற்கு மட்டும் என்றால் 5080 போதும் என்றார். ரேம் 32 ஜிபி எடுங்கள், தேவைப்பட்டால் பிறகு வெளியே வாங்கி நீங்களே போட்டுக்கொள்ளலாம், கீழ் மூடியைத் திறப்பதால் வாரண்டி போகாது என்றார். அந்தக் கடைசி வரியை ஒப்பந்தத்திலும் எழுதித் தரச் சொன்னேன், தந்தார்.

லேப்டாப்பை எழுப்பிப் பாகங்களை இயக்கிவைக்கும் அடிப்படை மென்பொருளான பயாஸ் பற்றியும் கேட்டுவிடுங்கள். உடல் ஒன்றாக இருந்தாலும், தொழிற்சாலையிடம் மல்லுக்கட்டி நல்ல பயாஸ் வாங்கித் தருகிறவர் உண்டு, வந்ததை அப்படியே கொடுப்பவரும் உண்டு. டெஸ்க்டாப் பிராசசரை ஏற்கும் கிளெவோ உடல் ஒன்றில் 2022-ல் ரைசன் 7 5800எக்ஸ்3டி-யைப் போட்டு ஏபெக்ஸ் 15 மேக்ஸ் என்று எக்ஸ்எம்ஜி விற்றது. பயாஸ் ஒத்துழைக்காமல் அது நடந்திருக்காது.

திரையில் ஒரு சங்கதி. ஐஎஸ்ஓ 9241-307 தரத்தின் இரண்டாம் வகுப்பு, 10 லட்சம் பிக்சலுக்கு இரண்டு வரை நிரந்தரமாக எரிந்துகொண்டே இருப்பதை அனுமதிக்கிறது. 2560×1600 என்றால் 40 லட்சத்துக்கும் மேல். அதாவது எட்டு வெள்ளைப் புள்ளிகள் இருந்தாலும் அது "பழுது" அல்ல. சில கடைகள் கூடுதல் கட்டணத்துக்குப் புள்ளியே இல்லாத திரையை உறுதி செய்கின்றன. நான் கட்டவில்லை. ஏன் என்பதற்குச் சட்டம் காரணம்.

ஜெர்மனியில் இணையத்தில் வாங்கிய பொருளைக் காரணம் சொல்லாமல் 14 நாளுக்குள் திருப்பலாம். வாடிக்கையாளரின் தேவைக்கென்றே செய்த பொருளுக்கு இது பொருந்தாது. உடனே ஒரு கடை தன் நிபந்தனைகளில், ஆர்டரின் பேரில் அமைக்கும் லேப்டாப்பைத் திருப்ப முடியாது என்று எழுதி வைத்திருந்தது. ஆனால் ஜெர்மனியின் உச்ச நீதிமன்றமான பிஜிஹெச், 2003 மார்ச்சில் ஒரு நோட்புக் வழக்கிலேயே இதற்குத் தீர்ப்புச் சொல்லிவிட்டது. தயாராக இருக்கும் பாகங்களைச் சேர்த்துக் கோத்த பொருள், சேதமில்லாமல் அதிகச் செலவில்லாமல் மறுபடி பிரிக்கக் கூடியது என்றால், அது தனிப்பட்ட தயாரிப்பு ஆகாது. திருப்பும் உரிமை உண்டு. வழக்கு எண் 8 செட்ஆர் 295/01 என்று குறிப்பிட்டு அந்தக் கடைக்கு எழுதினேன். பதில் இல்லை. அவர்களும் பட்டியலிலிருந்து போனார்கள்.

அதே சட்டம் என் ஆசை ஒன்றில் கை வைத்தது. கீபோர்டில் எழுத்துகளை நம் விருப்பப்படி அச்சிட்டுத் தருவோம் என்று இரண்டு கடைகள் சொல்லியிருந்தன. 1999-ல் சென்னை மாநாட்டுக்குப் பிறகு தமிழக அரசு ஏற்ற தமிழ்99 விசைப்பலகை அமைப்பை, ஆங்கில எழுத்துகளுக்குப் பக்கத்தில் சின்னதாக அச்சிட முடியுமா என்று கேட்டேன். ஒரு கடையில் தமிழ் எழுத்துரு வேண்டும், அனுப்புங்கள் என்றார்கள். வாட் அளந்து அனுப்பிய நம்மவர் முடியும் என்று சொல்லிவிட்டு, "இதைச் செய்தால் இந்த லேப்டாப்பை வேறு யாருக்கும் விற்க முடியாது, ஆகவே 14 நாள் உரிமையை இழப்பீர்கள், யோசியுங்கள்" என்று சேர்த்திருந்தார். நியாயமான பேச்சு. எட்டு வெள்ளைப் புள்ளியோடு திரை வந்தால் திருப்ப முடியாது என்று நினைத்ததும் ஆசையை அடக்கிக்கொண்டேன். எப்படியும் விரல்களுக்கு இடம் தெரியும்.

வாரண்டி வாசகத்தை வரிவரியாகப் படியுங்கள். பிரிட்டிஷ் கடை ஒன்றில் மூன்று ஆண்டு என்று பெரிதாகப் போட்டிருந்தது. கீழே பார்த்தால் மூன்று ஆண்டு வேலைக்கூலிக்கு, உதிரிபாகத்துக்கு ஓராண்டு, வீட்டிலிருந்து எடுத்துப்போவது முதல் மாதம் மட்டும். ஜெர்மனியில் இதற்கெல்லாம் வெளியே, விற்றவருக்குச் சட்டப்படி இரண்டு ஆண்டுப் பொறுப்பு இருக்கிறது. 2022 ஜனவரிக்குப் பிறகு வாங்கியவற்றில், முதல் 12 மாதத்தில் குறை தெரிந்தால் அது ஆரம்பத்திலேயே இருந்ததாகவே கொள்ளப்படும். இல்லை என்று நிரூபிப்பது கடைக்காரர் பாடு. முன்பு இது ஆறு மாதமாக இருந்தது. ஊருக்குப் போகும்போது பழுதானால் என்ன என்று கேட்டேன். ஜெர்மனிக்குத் திரும்பி வந்து அனுப்புங்கள் என்பதுதான் எல்லாருடைய பதிலும். இதில் யாரும் ஏமாற்றவில்லை.

வாங்கியாயிற்று. கடையின் பெயரை எழுதினால் விளம்பரம் என்பீர்கள், எழுதப்போவதில்லை. பெட்டியைத் திறந்ததும் விளையாட உட்காராமல், இருட்டறையில் கறுப்புப் படத்தைத் திரையில் நிறுத்தி ஓரங்களில் வெளிச்சம் கசிகிறதா என்று பார்த்தேன். கீழ் இடது மூலையில் லேசாக உண்டு, பொறுத்துக்கொள்ளலாம். எரியும் புள்ளி ஒன்றுகூட இல்லை. பிறகு ஒரு மணி நேரம் முழுச் சுமையில் ஓட்டினேன். வாட் கணக்கு அவர் அனுப்பிய தாளோடு ஒத்துப்போனது. ஆனால் வலது ஃபேன் சுழற்சி குறையும்போது கர்ரென்று உரசியது. ஒலியைப் பதிவு செய்து அனுப்பினேன். லேப்டாப்பை அனுப்புகிறீர்களா, ஃபேனை மட்டும் அனுப்பட்டுமா என்று கேட்டார். ஃபேன் உறையில் வந்தது, கூடவே உபரியாக நாலு ஸ்க்ரூ. கீழ் மூடியைக் கழற்றி, பேட்டரி இணைப்பை முதலில் பிடுங்கிவிட்டு, மாற்றிக்கொண்டேன்.

கடைசியாக அவரிடம் கேட்டது, வாரண்டி முடிந்த பிறகு மதர்போர்டு போனால் என்ன செலவு என்பது. பத்து ஆண்டுக்கு முன்பு கிளெவோவின் பெரிய உடல்களில் பிராசசரைச் சாக்கெட்டிலிருந்து கழற்றலாம், கிராபிக்ஸ் கார்டு தனியாக எம்எக்ஸ்எம் அட்டையில் இருக்கும். ஒன்று போனால் ஒன்றை மாற்றினால் போதும். இப்போது எல்லாம் ஒரே போர்டில் பற்றவைத்தது. அவர் சொன்ன தொகை லேப்டாப் விலையில் பாதியைத் தாண்டியது. 5090-க்கும் 96 ஜிபிக்கும் கொடுக்காமல் மிச்சம் பிடித்ததில் ஒரு பகுதியை எடுத்து, உதிரிபாகமும் சேர்ந்த மூன்றாம் ஆண்டு வாரண்டியை வாங்கிவிட்டேன்.