டேட்டா ஃபியூஷன் தேர்வு: சூழல் என்ற வார்த்தையை மட்டும் எழுதினால் மார்க் வராது

எம்.டெக்கில் டேட்டா ஃபியூஷனை, அதாவது பல சென்சார்கள் தரும் தகவல்களை ஒன்றுசேர்த்து முடிவெடுப்பதை, விருப்பப் பாடமாக எடுத்தேன். முதல் இன்டர்னலில் 50-க்கு 19 தான். பிழையுள்ள அளவீடுகளிலிருந்து ஒரு பொருளின் இடத்தையும் வேகத்தையும் கணிக்கும் கால்மன் ஃபில்டர் கணக்கெல்லாம் சரி. டேட்டா ஃபியூஷனைப் படிநிலைகளாகப் பிரிக்கும் ஜேடிஎல் மாடலின் லெவல் 2, லெவல் 3, அதாவது நிலைமையையும் அச்சுறுத்தலையும் மதிப்பிடும் பகுதியில்தான் மார்க் போனது. 'சூழல் மிக முக்கியம்' என்று பக்கம் பக்கமாக எழுதியிருந்தேன். அது முடிவை எப்படி மாற்றுகிறது என்று ஒரு வரிகூட இல்லை.

அப்புறம் ஒரே ஒரு சம்பவத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். 1988 ஜூலை 3 அன்று வின்சென்ஸ் என்ற அமெரிக்கப் போர்க்கப்பல், பந்தர் அப்பாஸிலிருந்து துபாய் கிளம்பிய ஈரான் ஏர் 655 பயணிகள் விமானத்தை எஃப்-14 போர்விமானம் என்று எண்ணிச் சுட்டு வீழ்த்தியது. அதில் இருந்த 290 பேரும் இறந்துபோனார்கள். விமானம் மேலே ஏறிக்கொண்டிருந்ததை கப்பலின் ஏஜிஸ் ரேடார் சரியாகவே பதிவு செய்திருக்கிறது. கப்பலில் இருந்தவர்களோ அது கீழே இறங்கி வருவதாகச் சொன்னார்கள். ஈரானியப் படகுகளோடு அப்போது சண்டை நடந்துகொண்டிருந்தது. கிளம்பிய இடம் ராணுவமும் பயன்படுத்தும் விமான நிலையம். விமானம் 27 நிமிடம் தாமதம்; அட்டவணையைப் பார்த்தும் பிடிபடவில்லை. இங்கே சூழல் இல்லாமல் போகவில்லை. சண்டை என்ற சூழல், அட்டவணை என்ற சூழலை அமுக்கிவிட்டது. இதைப் படித்த அன்று எனக்கு வெகுநேரம் தூக்கம் வரவில்லை.

இதைக் கணக்காகப் போட்டுப் பாருங்கள். எண்கள் நானே வைத்தவை. 'கப்பலை நோக்கி வருகிறது' என்ற தகவல் போர்விமானமாக இருந்தால் வர வாய்ப்பு 0.9, பயணிகள் விமானமாக இருந்தால் 0.3. சண்டைச் சூழலை மட்டும் பார்த்து முன்நிகழ்தகவை, அதாவது ரேடார் தகவல் வருவதற்கு முன்பே அது போர்விமானமாக இருக்கும் வாய்ப்பை, 50% என்று வைத்தால், புதுத் தகவல் வந்ததும் வாய்ப்பைத் திருத்தும் பேயஸ் விதிப்படி போர்விமானமாக இருக்க வாய்ப்பு 75%. பயணிகள் விமானங்கள் போகும் வான்வழியையும் அட்டவணையையும் சேர்த்து முன்நிகழ்தகவை 5% என்று வைத்தால் 14% தான். இரண்டு கணக்கிலும் ரேடார் சொன்னது ஒன்றேதான்!

விடைத்தாளில் சென்சார் சொன்னதை ஒரு பத்தியிலும், சூழல் சொன்னதை இன்னொரு பத்தியிலும் எழுதுங்கள். அந்தச் சூழல் தகவல் எவ்வளவு பழையது, எவ்வளவு நம்பலாம் என்பதையும் கட்டாயம் சேருங்கள். நிறையப் பேர் விடுவது இதைத்தான்.

பயிற்சிக்கு நம் கடலே போதும். கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. கரையோர ரேடாரில் அதே இடத்தில், அதே வேகத்தில் ஒரு விசைப்படகு. ஜூன் 10 அன்று தெரிந்தால் என்ன எழுதுவீர்கள், ஜூன் 20 அன்று தெரிந்தால் என்ன எழுதுவீர்கள்? இரண்டு விடைகளையும் எழுதிப் பாருங்கள்.