ஃபோர்ட் ஸ்மித்: தூக்குமேடை நீதிபதியின் ஊர்

ஆர்கன்சாவின் மேற்கு ஓரத்தில் இருக்கிற ஊர் ஃபோர்ட் ஸ்மித், ஆற்றைத் தாண்டினால் ஓக்லஹோமா. டல்லாஸிலிருந்து காரில் போனோம். ஐசக் பார்க்கர் என்ற ஃபெடரல் நீதிபதியின் பெயர் இல்லாவிட்டால் அந்தப் பக்கம் போயிருக்கவே மாட்டேன்.

ஒஹாயோவில் 1838-இல் பிறந்தவர். மிசௌரியில் வக்கீல் தொழில், அங்கிருந்தே காங்கிரஸ் உறுப்பினர், அப்புறம் 1875-இல் ஜனாதிபதி கிராண்ட் இங்கே நியமித்தார். அப்போது வயது 36. ஆற்றுக்கு அந்தப் பக்கம் செரோக்கி, சோக்டா போன்ற பழங்குடிகளின் நிலம். அவர்களுடைய நீதிமன்றங்கள் தங்கள் ஆட்களைத்தான் விசாரிக்க முடியும், வெளியாள் சம்பந்தப்பட்ட கொலை, கொள்ளை எல்லாம் இந்த ஊருக்கு வந்தாக வேண்டும். ஓடி ஒளிய நினைத்தவர்கள் எல்லாம் அங்கேதான் போனார்கள். அவர்களைத் தேடிப் பிடித்து வருவது துணை மார்ஷல்களின் வேலை. அடிமையாகப் பிறந்த பாஸ் ரீவ்ஸ் அவர்களில் ஒருவர், குதிரையில் அவர் உட்கார்ந்திருக்கும் சிலை ஊருக்குள்ளேயே இருக்கிறது.

பழைய ராணுவக் குடியிருப்புதான் நீதிமன்றம். இப்போது தேசிய வரலாற்றுத் தலம். மேலே பார்க்கரின் மேஜை, ஜூரி நாற்காலிகள் என்று அறையை அன்றைக்கு இருந்த மாதிரியே அமைத்திருக்கிறார்கள், கீழ்த்தளத்தில் சிறை. கல் தரை, தாழ்ந்த கூரை, அதற்குள் கூட்டம் கூட்டமாக ஆட்களை அடைத்து வைத்திருந்தார்கள். நாற்றம் மேலே நீதிமன்றம் வரைக்கும் வந்திருக்கிறது. வெளியே மறுபடி கட்டி வைத்த தூக்குமேடை. 1875 செப்டம்பர் 3 அன்று ஒரே நேரத்தில் ஆறு பேரைத் தூக்கிலிட்டார்கள், அதோடு நாடு முழுக்கப் பெயர் பரவிவிட்டது.

21 வருடங்களில் 160 பேருக்கு மரண தண்டனை விதித்தார், தூக்கில் தொங்கியது 79 பேர். அவர் பக்கம் பேசுகிறவர்கள், கொலை என்று ஜூரி தீர்மானித்துவிட்டால் அன்றைய சட்டப்படி மரண தண்டனை தவிர வேறு வழியில்லை என்பார்கள். அது சரிதான். ஆனால் ஜூரியை அந்தத் தீர்மானத்துக்குத் தள்ளியது யார்? 1889 வரை இங்கே மரண தண்டனைக்கு மேல்முறையீடே கிடையாது. வழி திறந்ததும் உச்ச நீதிமன்றம் வரிசையாகத் தீர்ப்புகளை ரத்து செய்தது, காரணம் பெரும்பாலும் தற்காப்பு பற்றியும் தப்பி ஓடியதைப் பற்றியும் பார்க்கர் ஜூரிக்குச் சொன்ன நீண்ட விளக்கங்கள். அலெக்சாண்டர் ஆலன் என்ற பதினான்கு வயதுக் கறுப்பினப் பையன் வழக்கில் இரண்டு முறை ரத்து, மூன்றாவது முறை, 1896 டிசம்பரில், தண்டனையை உறுதி செய்தார்கள். ஒத்துப்போக முடியாமல் இழுபடுகிற ஜூரியிடம் 'மறுபடி யோசித்துப் பாருங்கள்' என்று நீதிபதி சொல்வதை அமெரிக்க வக்கீல்கள் இன்றைக்கும் அந்தப் பையன் பெயரால்தான் அழைக்கிறார்கள்.

தீர்ப்பு வந்தபோது பார்க்கர் உயிரோடு இல்லை. செப்டம்பரில் அந்தப் பழங்குடி நிலத்தின் மீதான அதிகாரம் போய்விட்டது, நவம்பர் 17-இல் இறந்தார். தேசியக் கல்லறைத் தோட்டம் பக்கத்திலேயே இருக்கிறது. போனால் சிறையைப் பார்த்துவிட்டு நீதிமன்ற அறைக்குப் போங்கள், நாங்கள் போன வரிசை அதுதான்.