சீனியர் அக்கா கதவைத் தட்டினால்

கிளிநொச்சி அறிவியல்நகரில் பல்கலைக்கழக விடுதியில் தங்கிப் படித்த காலத்தில், முதலாம் வருடப் பிள்ளைகளுக்குச் சக மாணவர் ஆலோசகராக இருந்தேன். அந்தப் பொறுப்புக்கு விண்ணப்பிக்க யோசிக்கிறவர்களுக்கு உதவும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

விண்ணப்பம் ஒரு பக்கம்தான். நேர்முகத்தில் விடுதிக் காப்பாளரும், மாணவர் ஆலோசகராக இருந்த விரிவுரையாளர் ஒருவரும் இருந்தார்கள். என் புள்ளிகளைப் பற்றி அவர்கள் பெரிதாகக் கேட்கவில்லை. "ஒரு பிள்ளை வந்து, அக்கா, ஒருத்தருக்கும் சொல்லமாட்டன் எண்டு சத்தியம் பண்ணுங்கோ எண்டால் என்ன செய்வீர்?" என்று மிஸ் கேட்டார். சத்தியம் செய்யமாட்டேன், உயிருக்கு ஆபத்தான விஷயம் என்றால் சொல்லத்தான் வேண்டிவரும் என்பதை அந்தப் பிள்ளைக்கு முதலே விளங்கப்படுத்துவேன் என்றேன். பயிற்சியும் பெரும்பாலும் இதைச் சுற்றித்தான் நடந்தது. எதை எனக்குள் வைத்திருக்கலாம், எதைக் காப்பாளரிடம் அன்றிரவே சொல்ல வேண்டும், எப்போது 1926 என்ற மனநல உதவி இலக்கத்துக்கு அழைக்க வேண்டும் என்றெல்லாம் சொல்லித்தந்தார்கள். ஒருவர் கதைக்க மற்றவர் புத்தி சொல்லாமல் கேட்டுக்கொண்டே இருக்கும் பயிற்சியும் இருந்தது. எல்லாவற்றிலும் அதுதான் கஷ்டம்.

அப்புறம் பிள்ளைகள் வந்து சேர்ந்தார்கள். மாத்தறை, குருநாகல், ஹட்டன், மூதூர், முல்லைத்தீவு என்று எல்லாத் திசைகளில் இருந்தும் வந்திருந்தார்கள். பகிடிவதைக்கு எதிராக 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. ஆனால் ஊரில் கேட்ட கதைகள் எல்லாம் அவர்களுடனேயே வந்துவிடுகின்றன. சீனியர் அக்கா கதவைத் தட்டினால் கட்டிலில் இருக்கிற அத்தனை பேரும் எழும்பி நிற்பார்கள். அந்தப் பயத்தைப் போக்காமல் எந்த ஆலோசனைக்கும் இடமில்லை. நான் போய்த் தரையில் இருந்துகொள்வேன், கதவைத் திறந்தே விடுவேன், அவர்களைப் பற்றி ஒன்றும் விசாரிக்கமாட்டேன். தண்ணீரைப் பற்றித்தான் முதலில் கதைப்பேன்.

வன்னியின் நிலத்தடி நீர் கடினமானது. கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படியும். மலையகத்து ஊற்றுத் தண்ணீர் குடித்து வளர்ந்த பிள்ளைகளுக்கு அது தொண்டையால் இறங்காது. குடிக்காமலே இருந்துவிட்டு, ஓகஸ்ட் வெயிலில் தலைசுற்றி விழுவார்கள். வடிகட்டிய தண்ணீர் எங்கே எடுப்பது, எத்தனை மணிக்குள் எடுக்க வேண்டும் என்று காட்டிக்கொடுப்பேன். போத்தலோடு என் பின்னால் வருகிற அந்த நடையில்தான் முதல் பேச்சு வரும்.

ஹட்டன் பக்கத்துப் பிள்ளை ஒருத்தி காலை விரிவுரைகளுக்குப் போகாமல் இருப்பதை அவளுடைய செருப்பை வைத்துத்தான் கவனித்தேன். மற்றவர்கள் போன பிறகும் அது அறை வாசலிலேயே கிடக்கும். வயிற்றுவலி என்று சொன்னாள். நான் பக்கத்தில் இருந்தேன். அம்மா கொழுந்து பறிக்கிறதையும் தம்பியின் பள்ளிக்கூடத்தையும் பற்றி வெகுநேரம் கதைத்தாள். கடைசியில் கொப்பியை எடுத்துத் தந்தாள். விரிவுரை முழுக்க ஆங்கிலம். அவளோ உயர்தரம்வரை தமிழ் மொழியில் படித்தவள். காதில் விழுந்ததை அப்படியே தமிழ் எழுத்தில் எழுதியிருந்தாள். 'ஸ்ட்ரெஸ்' என்று ஒரு வரி, கீழே 'ஸ்ட்ரெயின்' என்று ஒரு வரி, பொறியியல் பாடச் சொற்கள்தான், ஆனால் இரண்டுக்கும் பக்கத்தில் கேள்விக்குறி. பக்கத்தின் பாதியோடு எழுத்து நின்றுபோயிருந்தது.

"எனக்கு ஒண்ணுமே வெளங்கலக்கா. வீட்டுக்குப் போயிரவா?"

எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்லவில்லை. நான் என்ன செய்தால் உமக்கு உதவியாக இருக்கும் என்று கேட்டேன். சேரிடம் தனியாகப் போகப் பயமாக இருக்கிறது, கூட வாருங்கள் என்றாள். அடுத்த நாளே போனோம். விரிவுரைக் குறிப்புகளை முன்கூட்டியே தருவதற்குச் சேர் சம்மதித்தார். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு அவளுடைய பட்ச் பிள்ளைகள் சிலர் வாசிப்பு அறையில் கூடி, அன்றைய பாடத்தைத் தமிழில் விளங்கப்படுத்தத் தொடங்கினார்கள். பிறகு சிங்களப் பிள்ளைகளும் தங்களுக்குள் அப்படி ஒன்றை ஆரம்பித்தார்கள். முதல் செமெஸ்டரில் ஒரு பாடத்தை அவள் திரும்ப எழுத வேண்டி வந்தது. ஆனால் வீட்டுக்குப் போகவில்லை.

பயிற்சியில் ஒருவரும் சொல்லாத ஒன்று மே மாதம். 2009இல் போரின் இறுதிக் கட்டத்தில் தகப்பனையோ சகோதரத்தையோ இழந்த பிள்ளைகள் இந்த விடுதிகளில் இருக்கிறார்கள். அப்போது அவர்கள் கைக்குழந்தைகள், அல்லது நாலைந்து வயது. மே 18 நெருங்கும்போது சிலர் சாப்பிட வரமாட்டார்கள். குருநாகல் பிள்ளை ஒருத்தி என்னிடம் வந்து, தன் அறைத் தோழி ஏன் அழுகிறாள், தான் ஏதும் பிழையாகச் சொல்லிவிட்டேனா என்று கேட்டாள். பிழை ஒன்றும் இல்லை, கேள்வி கேட்க வேண்டாம், ஒரு பிளேன்டீ கொண்டுபோய்க் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் இரும் என்றேன். அந்தக் குருநாகல் பிள்ளை அன்று முழுக்க அறையை விட்டு வெளியே வரவில்லை. வன்னியில் ஒரு விடுதிக்கு ஆலோசகர்களைப் பயிற்றுவிக்கிறவர்கள் இதை முதல் நாளே பேச வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. பேசாமல் விட்டால், பாரம் முழுவதும் அந்தப் பிள்ளைகளின் தலையில்தான் விழுகிறது.

உங்கள் படிப்பையும் பார்த்துக்கொள்ளுங்கள். இரவு பத்து மணிக்குப் பிறகு அவசரம் என்றால் மட்டும் வாருங்கள் என்று நான் கதவில் எழுதி ஒட்டியிருந்தேன், பிள்ளைகளும் அதை மதித்தார்கள். ஒரு மாடிக்கு இரண்டு ஆலோசகர்கள் இருக்கிறார்களா என்று நேர்முகத்திலேயே கேளுங்கள். நள்ளிரவில் ஒரு பிள்ளையை வைத்தியசாலைக்குக் கொண்டுபோக வேண்டி வந்தால் யாருக்கு அழைப்பது, வாகனம் யார் ஒழுங்குசெய்வது என்றும் கேளுங்கள். அந்தப் பெயரும் இலக்கமும் கையில் கிடைத்த பிறகு கையெழுத்து வையுங்கள்.